கப்பலுக்குக் கைகொடுத்தவர்கள்: வ. உ. சிதம்பரம் பிள்ளை வரலாறு

தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களைச் செக்கிழுத்த செம்மல் என்றும் கப்பலோட்டிய தமிழர் என்றும் நாம் போற்றி வருகிறோம். அவர் சிறையிற்பட்ட துன்பம் மேடைதோறும் பேசப்படுகிறது. அவர் கப்பலோட்டிய வீரம் 1961-இல் திரைப்படமாகவே வெளிவந்தது. ஆயினும், கையிற் பெரும்பொருள் இல்லாத ஒரு வக்கீல் 10 லட்ச ரூபாய் மூலதனமுள்ள ஒரு கம்பெனியை எவ்வாறு எழுப்பினார், யார் யாரைத் துணைக்கொண்டு எழுப்பினார், பின்னர் அஃது ஏன் ஐந்தாண்டு நிறைவதற்குள் கலைந்தது என்னும் கேள்விகளை நாம் அத்துணை ஆழ்ந்து எண்ணுவதில்லை. பிழைப்பும் தொழிலும் நாடி ஊரைவிட்டு வந்து சாகணில் கூடியிருக்கும் நம்மனோர்க்கு அவர் வரலாற்றில் அப்பகுதியே முதற்கண் படிக்கத்தக்கது.

இவ்வூரில் ஒரு சிறு பட்டறை போட நினைக்கும் தமிழன் இயந்திரத்தைத் தேடுவதற்கு முன்னே தெரிந்த மனிதரைத் தேடுகிறான். கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பவர் ஒருவர். பெரிய மோட்டார்த் தொழிற்சாலையில் முதல் ஆர்டருக்கு ஒரு சொல் சொல்லி வைப்பவர் ஒருவர். பாங்கியில் ஜாமீன் நிற்பவர் ஒருவர். மராத்தி மொழியில் எழுதிய காகிதத்தைப் படித்துப் பொருள் சொல்பவர் மற்றொருவர். இத்தகையோர் நால்வர் வாய்த்தால் பட்டறை எழும். வாய்க்காவிட்டால் எத்துணைத் திறமை இருந்தும் அவன் கூலிக்காரனாகவே காலங் கழிப்பான். இதனைச் சிறுமையென்று கருதுவாரும் உளர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிள்ளையவர்கள் கடலிற் கப்பல் விட்டதும் இவ்வழியேதான். அவர் கட்டிய தோழமைக் கயிற்றின் ஒரு புரி நாம் வாழும் இப்புனே மண்ணிலும் முடியப்பட்டிருந்தது.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மை. ஒட்டப்பிடாரத்திற்கு அருகே எட்டயபுரம் இருக்கிறது. அவ்வூர்ச் சின்னச்சாமி ஐயர் உலகநாத பிள்ளையின் நண்பர். அந்த ஐயரின் மைந்தரே பின்னாளில் மகாகவியாகத் திகழ்ந்த சுப்பிரமணிய பாரதியார். தந்தையர் நட்பு மைந்தர் காலத்தில் பன்மடங்காகப் பெருகிற்று. பிள்ளையவர்கள் பாரதியாரை மாமா என்று உறவுமுறை சொல்லியே அழைத்து வந்தார். இதனை ஈண்டு வெறும் குடும்பச் செய்தியாகக் கூறவில்லை. பின்னர்க் கம்பெனி தோன்றியபோது, பாரதியார் ஆசிரியராயிருந்த இந்தியா என்னும் வார இதழ் அதற்கு முரசாக முழங்கிற்று. இரு கிராமத்துப் பெரியவர்களின் பழக்கம் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு கப்பற் கம்பெனிக்குப் பத்திரிகை பலமாக வந்து நின்றது.

1895-இல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய பிள்ளையவர்கள் 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். ஏழைகளின் வழக்குகளைப் பொருள் கருதாது ஏற்று நடத்தியவர் என்ற பெயர் அவருக்கு முன்னரே உண்டு. ஒரு துறைமுக நகரத்தில் வக்கீலுக்குக் கிடைக்கும் பழக்கம் வேறெவர்க்கும் கிடைப்பதரிது. நாடார், பரதவர், முஸ்லிம், செட்டியார், பிள்ளைமார் எனப் பல குலத்து வணிகரும் அங்கே கடை வைத்திருந்தனர். ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளே நம்பிக்கையால் இறுகக் கட்டுண்டிருந்தது. ஒரு கூட்டத்திலிருந்து மற்றொரு கூட்டத்திற்குப் பணமும் நம்பிக்கையும் பாய்வது அருமையாக இருந்தது. எல்லாக் கடைக்குள்ளும் நுழையக்கூடிய மனிதராக வக்கீல் பிள்ளை இருந்தார். அவர் வாழ்வின் பிற்கால வெற்றிக்கு வித்து இதுவே என்பது என் துணிபு.

அவரது மற்றொரு பழக்கம் தமிழ்ப் பழக்கம். 1901-ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரவர்கள் புலவர்களுக்குப் புரவலர். பிள்ளையவர்களோ இலக்கியத்தில் தோய்ந்த உள்ளத்தினர். தமிழ் இவ்விருவரையும் பிணைத்தது. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவிற்கும் பட்டிமன்றத்திற்குமே பயன்படுவன என்று எண்ணுவோர் அடுத்து வருவதைச் சற்றே கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கடல் வாணிகம் அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பெனியின் கையில் இருந்தது. அக்கம்பெனியின் தூத்துக்குடி ஏஜெண்டுகள் ஹார்வி சகோதரர்கள். அவர்களே அந்நகரத்துக் கோரல் நூல் ஆலையின் முதலாளிகள். மாவட்ட அதிகாரிகளும் அவர்களும் ஓரினத்தார். ஒரே மேசையில் உண்டு பழகியவர். ஆகவே சரக்கை ஏற்றுபவனும் ஆலையை நடத்துபவனும் அதிகாரியின் நண்பனும் ஒருவனேயாயின், தனிப்பட்ட சுதேச வணிகன் எதிர்த்து நிற்பது எங்ஙனம்? இங்கும் ஒரு தோழமை வலை இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் நிகழ்ந்த போரை ஒரு மனிதருக்கும் ஒரு கம்பெனிக்கும் நடந்த போராக வருணிப்பது வழக்கம். நுணுகி நோக்கின், இரண்டு கூட்டங்களின் பழக்கங்கள் ஒன்றோடொன்று மோதிய போராகவே அது தோன்றுகிறது.

1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டது. சுதேசியக் கனல் நாடெங்கும் மூண்டது. 1906-இல் சென்னைக்குச் சென்ற பிள்ளையவர்கள் அங்கு இராமகிருஷ்ண மடத்துத் துறவியாராகிய இராமகிருஷ்ணானந்த அடிகளைக் கண்டார். சுதேசியப் பணியில் ஈடுபடுமாறு அடிகள் தூண்டியது அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஊர் திரும்பியதும் நெசவுச் சாலை முதலிய சில முயற்சிகளைத் தொடங்கிப் பார்த்தார். அவர் கண் கடலை நோக்கியே இருந்தது. முதலில் பம்பாயிலிருந்து ஷா லைன் என்னும் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினார். எதிரிகள் அக்கம்பெனியை நெருக்கி, வாடகைக் கப்பல்களை விலகிக்கொள்ளச் செய்தனர். கொழும்பிற்கு விரைந்து அங்கிருந்து ஒரு கப்பலை வாடகைக்குக் கொணர்ந்தார். பிறர் கப்பலை நம்பித் தொழில் நடத்துவது பிறர் தயவை நம்பி உயிர் வாழ்வதாகும் என்பது அவர்க்கு விளங்கிவிட்டது.

1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தப் பங்கு விலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெருநிலக்கிழார் சிலரை மட்டும் நம்பியிருந்தால் பங்கினை ஆயிரம் ரூபாய் என்று வைத்திருக்கலாம். சிறு கடைக்காரரும் கிராமத்து வக்கீலும் பள்ளி ஆசிரியரும் முயன்றால் ஒரு பங்கேனும் வாங்கட்டும் என்பதற்காகவே விலை தாழ்த்தப்பட்டது என்று கொள்ளலாம். பங்குகளை இந்தியர், இலங்கையர் முதலிய ஆசிய மக்களுக்கு மட்டுமே விற்பதென்பது விதி. கப்பல் ஓட்டுவதோடு, நம்மவர்க்குக் கப்பற் கலையையும் கப்பல் கட்டும் தொழிலையும் கற்பிப்பதும் கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்று.

தலைவர் பாண்டித்துரைத் தேவர். தமிழ்ச் சங்கத்தின் தலைவரே கப்பற் கம்பெனியின் தலைவருமானார்! காரியதரிசி ஹாஜி முகமது பக்கீர் சேட். சேலம் விஜயராகவாச்சாரியார் போன்ற பெருவக்கீல்கள் சட்ட ஆலோசகர்கள். பிள்ளையவர்களோ ஏட்டளவில் துணைக் காரியதரிசி மட்டுமே. பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்ச ரூபாய்க்கு வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. ஒரு சைவ வேளாள வக்கீல் சொன்ன சொல்லை நம்பி ஓர் இஸ்லாமியப் பெருவணிகர் அத்தொகையை இறக்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். தன் குலத்துக்குள்ளே பணம் திரட்டியவர் பலர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் வளர்த்தது அம்முறையிலேதான். அதன் சிறப்பை நாம் குறைத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பிள்ளையவர்கள் செய்தது அதனினும் அரிது. ஒருவரையொருவர் அறியாத ஜமீன்தாரையும் சேட்டையும் ஐயங்காரையும் கடைக்காரரையும் ஒரே பதிவேட்டில் கையெழுத்திடச் செய்தார். அவர்கள் அனைவரும் அறிந்த மனிதர் அவர் ஒருவர் என்பதே அதற்கு வழிவகுத்தது. இப்பெருமையிலே ஓர் இடையூறும் ஒளிந்திருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

கம்பெனி பதிவாயிற்று; கப்பல் வேண்டுமே. பங்கு விற்கவும் கப்பல் வாங்கவும் பிள்ளையவர்கள் வடக்கே புறப்பட்டார். கப்பலின்றித் திரும்புவதில்லை, இயலாதாயின் கடலில் விழுந்து உயிர் விடுவது என்று சூளுரைத்துச் சென்றார் என்பர். வீட்டில் மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான். மனைவியார் மீனாட்சி அம்மையார் கருவுற்றிருந்தார். பம்பாயில் தூத்துக்குடி வக்கீலை அறிந்தார் யார்? அந்நிலையில் அவர்க்கு வாய்த்த பற்றுக்கோடுகளுள் தலையாயது திலகர் பெருமானின் தோழமை. புனே நகரத்து நாராயண் பேட்டையில் கேசரி பத்திரிகை வெளிவந்த மாளிகையை நம்முள் பலர் கண்டிருப்போம். அம்மாளிகையில் வாழ்ந்த பாலகங்காதர திலகர் அந்நாளில் மராத்திய நாட்டு இளைஞர், வணிகர், அச்சகத்தார், ஆசிரியர் ஆகிய அனைவருக்கும் நடுநாயகமாக விளங்கினார். பிள்ளையவர்கள் திலகரைத் தம் அரசியல் ஆசானாகவே வரித்துக்கொண்டவர்.

எஸ். எஸ். காலியா, எஸ். எஸ். லாவோ என்னும் இரு கப்பல்கள் பிரான்சிலிருந்து வாங்கப்பட்டன. லாவோவை வாங்கும் பொருட்டு வேதமூர்த்தி என்பார் பிரான்சிற்கே சென்றார். திலகரும் அரவிந்தரும் அதற்குத் துணைநின்றனர் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். இக்கப்பல்கள் ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். 1907 மே மாதத்தில் காலியா தூத்துக்குடிக் கடலில் தோன்றியபோது கரையில் மக்கள் வெள்ளம் திரண்டது. அன்று கரையில் நின்றவர்களுள் எத்தனையோ பேர் 25 ரூபாய்ப் பங்கின் சொந்தக்காரர்; தம் கப்பலைத் தாமே காண வந்தவர். விளம்பரத்திற்குப் பணம் செலவழித்து இத்தகைய வாடிக்கையாளரை எந்தக் கம்பெனியும் பெற முடியாது.

போட்டி மூண்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது. வெள்ளையர் கம்பெனி பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுப்பதாகச் சொல்லிப் பார்த்தது. எனினும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர். துறைமுக, சுங்க, சுகாதார அதிகாரிகள் சுதேசிக் கப்பலின் பயணிகளுக்கு வேண்டுமென்றே தொல்லை விளைத்தனர் என்ற முறையீடும் எழுந்தது.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். இலவசமாக ஏற்றும் எதிரியோடு எட்டணாவிற்கு ஓட்டுகிறவன் எத்தனை நாள் நிற்க முடியும்? பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குக் கொழும்புத் தடம் பல தடங்களுள் ஒன்று. இங்கே இழந்ததை இரங்கூனிலும் பம்பாயிலும் ஈட்டிக்கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கோ அத்தடமே உயிர். நட்பு மூலதனத்தைத் திரட்டித் தந்தது, வாடிக்கையாளரைத் தந்தது, கப்பலையும் தந்தது. மாதாமாதம் நேரும் நட்டத்தை நெடுங்காலம் தாங்கும் இருப்பை அது தரவில்லை. பங்கு வாங்கியவர் பலர் தேசபக்தியால் வாங்கினர். மறுமுறை பணம் கேட்டால் தருவதற்கு அவர்களிடம் அத்துணைச் செல்வம் இல்லை. இருந்த செல்வர்க்கோ அச்சம் பிடிக்கத் தொடங்கியது.

அச்சத்திற்குக் காரணம் அரசியல். 1907 டிசம்பரில் சூரத்து நகரில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தபோது பிள்ளையவர்கள் திலகர் பக்கம் நின்றார். புதிய கட்சியின் சென்னை மாகாணப் பொறுப்பும் அவர் தோளில் ஏறியது. ஊர் திரும்பிய பின் சுப்பிரமணிய சிவாவுடன் சேர்ந்து தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் கூட்டம் நடத்தினார். 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். பிள்ளையவர்களும் சிவாவும் அவர்க்குத் தலைமை தாங்கினர். ஊரே தொழிலாளர் பின் நின்றது. ஆலை முதலாளிகளுக்குப் பரிந்து பேசிய ஒரு வக்கீலுக்கு முகம் வழித்துக்கொண்டிருந்த தொழிலாளி, பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போனார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. பத்து நாளில் முதலாளிகள் பணிந்தனர். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிட்டியது.

கம்பெனி இயக்குநர்கள் இதனை எவ்வாறு நோக்கியிருப்பர்? ஹார்வியின் கப்பலோடு போட்டியிடுவது வாணிகம். ஹார்வியின் ஆலையில் வேலைநிறுத்தம் செய்விப்பது அவர்கள் கண்ணுக்குப் பகை. அரசியலைக் கைவிடுமாறு அவர்கள் பிள்ளையவர்களை வற்புறுத்தினர். அவர் இணங்கவில்லை. அவ்வணிகரைக் கோழைகள் என்று ஏசுவது எளிது. எத்தனையோ சொற்பொழிவாளர் அவ்வாறு ஏசியும் உள்ளனர். என் உள்ளம் அதற்கு இசையவில்லை. பிள்ளை குட்டிகளின் சோற்றைக் கப்பலில் ஏற்றிவைத்தவன் கலெக்டரின் முகக்குறிப்பைப் பார்த்து அஞ்சுவது இயற்கை. நட்பின் பொருட்டுப் பணம் கொடுத்தவர்கள் சிறைக்கும் உடன் வருவதாக எவர்க்கும் வாக்களிக்கவில்லை. பிள்ளையவர்களோ கப்பல், ஆலை, சூரத்து, கடற்கரைக் கூட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே வேள்வியாகக் கண்டார். அவர் கண்டது உண்மை; அவர்கள் அஞ்சியதும் உண்மை. இவ்விரு உண்மைகளுக்கும் நடுவே கம்பெனி அகப்பட்டுக்கொண்டது.

1908 மார்ச் 12-ஆம் நாள் பிள்ளையவர்களும் சிவாவும் திருநெல்வேலியில் சிறைப்பட்டனர். மறுநாள் நகரம் கொந்தளித்தது. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். அவர்கள் கம்பெனியின் பங்குதாரர் அல்லர். ஆலைக் கூலியில் நாள் கழித்தவர். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுள் தண்டனை, அஃதாவது 40 ஆண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். இச்செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர் பின்னர்த் தெளியவேயில்லை. பதினைந்தே நாள் கழித்து, ஜூலை 22-ஆம் நாள், பம்பாயில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை கிடைத்தது. அவர் மாண்டலேக்கு அனுப்பப்பட்டார். தூத்துக்குடியின் கப்பலும் புனேயின் துணையும் ஒரே மாதத்தில் தத்தம் நாயகரை இழந்தன.

தலைவர் சிறை சென்றதும் கம்பெனி தள்ளாடியது. முன்னர் நான் குறித்த இடையூறு இதுவே. ஜமீன்தாரும் சேட்டும் கடைக்காரரும் பிள்ளையவர்களை அறிந்திருந்தனர். ஒருவரையொருவர் போதிய அளவு அறிந்திலர். எல்லாக் கயிறுகளும் ஒரே முளையிற் கட்டப்பட்டிருந்தன. முளை பிடுங்கப்பட்டதும் கயிறுகள் தனித்தனியே தளர்ந்து வீழ்ந்தன. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பலை விலைக்கு வாங்கியவர்கள் எவர் என்று நினைக்கிறீர்கள்? எந்தக் கம்பெனியை எதிர்த்து அது கடலில் இறங்கியதோ அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரே! சிறையிலிருந்த பிள்ளையவர்களுக்கு, கழுத்தில் செக்குமரம் அழுத்திய நாட்களைவிட இச்செய்தி எட்டிய நாள் கொடிதாக இருந்திருக்கும்.

அதே 1908-ஆம் ஆண்டில் நம் சாகணுக்கு அண்மையில் நடந்த ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிருந்து மேற்கே செல்லும் சாலையில் தளேகாவ் இருக்கிறது. அந்தாஜி தாமோதர் காளே என்பவர் ஆளுக்கு ஆண்டிற்கு ஒரு பைசா என்று மக்களிடம் திரட்டிய பைசா நிதியைக் கொண்டு அங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை அவ்வாண்டில் எழுந்தது. திலகர் அந்நிதியைப் பெரிதும் ஆதரித்தார். அவர் மாண்டலேக்குச் சென்றதனால் அத்தொழிற்சாலை மூடப்படவில்லை. அங்கே தொழில் கற்றவர் பலர் வெளியூர்களுக்குச் சென்று கண்ணாடித் தொழிலைப் பரப்பினர். பைசாவிற்கும் 25 ரூபாய்க்கும் உள்ள வேற்றுமை மட்டும் அதற்குக் காரணமன்று. கண்ணாடி வார்ப்பதற்கு எதிராகக் கட்டணப் போர் தொடுக்க ஹார்விகள் எவரும் தளேகாவில் இல்லை. நிதியும் ஒருவர் தலையை மட்டும் நம்பியிருக்கவில்லை.

மற்றோர் ஒப்பீடு கப்பல் தொழிலிலேயே உண்டு. சோலாப்பூரில் பிறந்த வால்சந்த் ஹீராசந்தும் பம்பாய்ப் பெருவணிகர் நரோத்தம் மொரார்ஜியும் சேர்ந்து நாலரைக் கோடி ரூபாய் மூலதனத்தில் சிந்தியா கப்பற் கம்பெனியைத் தொடங்கினர். அவர்களுடைய லாயல்டி என்னும் கப்பல் 1919 ஏப்ரல் 5-ஆம் நாள் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே இன்று நாட்டின் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர்களையும் அதே வெள்ளையர் கப்பற் கூட்டம் கட்டணப் போரால் நெருக்கியது. பம்பாய் ஆலை முதலாளிகளின் பணமும் பருத்தி வணிகரின் உறவும் பின்னால் இருந்தமையால் அவர்கள் அடிபட்டும் வீழாது நின்று 1923-இல் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். பன்னிரண்டு ஆண்டு முன்னதாக அதே கடலில் இறங்கிய தூத்துக்குடிக்காரரின் தோழர்கள் எண்ணிக்கையிற் குறைந்தவரல்லர். அவர்களது பணப்பை சிறிது, அவர்கள் எதிர்த்த ஆட்சி அன்று மிகக் கடுமையாக இருந்தது.

மேல்முறையீடுகளால் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் கழித்த பின் 1912 டிசம்பர் 24-ஆம் நாள் பிள்ளையவர்கள் விடுதலையானார். காலியாவை வரவேற்கத் திரண்ட வெள்ளத்தில் ஒரு துளியும் சிறைவாயிலில் இல்லை. சுப்பிரமணிய சிவா போன்ற ஓரிருவரே காத்து நின்றனர். சிவாவோ சிறையில் பெற்ற தொழுநோயால் உருமாறியிருந்தார்.

வக்கீல் சன்னது பறிபோயிற்று. சொந்த மாவட்டத்திற்குச் செல்லவும் தடை. சென்னையில் குடியேறி மளிகைக் கடை வைத்தார். வேறு சிறு வாணிகங்களும் செய்து பார்த்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. கப்பற் கம்பெனி நடத்தியவர்க்கு மளிகைக் கடை நடத்தத் தெரியவில்லையா என்று கேட்கலாம். சென்னையில் அவர் அயலார். கடனுக்குச் சரக்குக் கொடுப்பாரில்லை. சிறைமீண்டவரோடு பழகுவது கண்காணிப்புக்கு இடமாகும் என்று அஞ்சி ஒதுங்கினோர் பலர். தூத்துக்குடியில் எல்லாக் கதவுகளும் திறந்த அதே மனிதர்க்குச் சென்னையில் கதவுகள் மூடியே கிடந்தன. திறமை அவரிடமேதான் இருந்தது.

இருப்பினும் சில கயிறுகள் அறவில்லை. அறாமல் நின்றவை எவை என்று பார்த்தால் வியப்பு உண்டாகும். அவற்றுள் பல பங்குப் பதிவேட்டில் இடம்பெறாதவை. சிறிது காலம் திலகர் மாதந்தோறும் 50 ரூபாய் அனுப்பி உதவினார். தென்னாப்பிரிக்காவில் கூலி வேலையும் சிறு கடையும் நடத்தி வாழ்ந்த தமிழர், வேதியப்ப பிள்ளை என்பார் முயற்சியால் தமக்குள்ளே பணம் திரட்டினர். கப்பலையும் காணாத, அதை ஓட்டியவரையும் காணாத மக்கள் அவர்கள். அத்தொகையைக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தனர். காந்தியடிகள் 1915-இல் இந்தியா வந்தபின் சென்னையில் பிள்ளையவர்களைச் சந்தித்தார். பல பணிகளுக்கிடையே அத்தொகை அவர் நினைவிலிருந்து நழுவியிருந்தது. இருவருக்கும் இடையே கடிதங்கள் பல நடந்தன. இறுதியில் 1916-இல் 347 ரூபாய் 12 அணா பிள்ளையவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அன்றைய வறுமையில் அது பெருந்தொகை. நாமும் ஊரைவிட்டு வந்து பிழைப்போர் ஆகையால், கடல்கடந்த அக்கூலித் தமிழர் எண்ணித் தந்த அந்த 12 அணாவை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

பின்னர் வாலஸ் என்னும் வெள்ளை நீதிபதியின் நன்முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வக்கீல் தொழில் நடத்தினார். மணக்குடவர் உரையோடு திருக்குறள் அறத்துப்பாலைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தை அச்சேற்றினார். மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்களை இயற்றினார். ஜேம்ஸ் ஆலன் நூல்களை மொழிபெயர்த்தார். தமிழால் பாண்டித்துரைத் தேவரோடு தொடங்கிய பழக்கம், தேவர் 1911-இல் மறைந்து, கம்பெனியும் மறைந்த பின்னரும் அவரிடம் எஞ்சியிருந்தது.

திலகர் 1920 ஆகஸ்ட் முதல் நாள் பம்பாயில் காலமானார். பல ஆண்டுகள் கழித்து, 1930-களில், பிள்ளையவர்கள் திலகரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடர் கட்டுரையாக எழுதினார். அதனை வெளியிட்டது கொழும்பு நகரத்து வீரகேசரி நாளிதழ். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அப்போது சுதேசிக் கப்பல் இல்லை. அவருடைய கையெழுத்துப் படிகள் வேறொருவர் கப்பலில் அக்கடலைக் கடந்து சென்றிருக்க வேண்டும்.

1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில், காங்கிரசு அலுவலகத்தில், தம் அறுபத்து நான்காம் வயதில் பிள்ளையவர்கள் உயிர் நீத்தார். இறக்குமுன் எழுதிவைத்த உயிலில் கடைகளுக்குத் தாம் கொடுக்க வேண்டிய சில்லறைப் பாக்கிகளையும் ஒன்றுவிடாமல் குறித்திருந்தார். அவர் கப்பல் விட்ட துறைமுகத்திற்கு 2011-இல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது.